பாஸ்போர்ட் தயார், பயணி தயாரா?

(லால்பேட்டையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"வெளிநாட்டுக்குப் போகாதீர்கள்" என்று சொல்வதற்காக நான் இங்கே நிற்கவில்லை. அப்படிச் சொன்னால் இந்த ஊரின் சுவர்களே சிரிக்கும். இங்கே எத்தனையோ வீடுகள் பாலைவனத்து வெயிலில் சிந்திய வியர்வையால் எழுந்தவை. எத்தனையோ குமர்காரியங்கள் சபராளிகள் அனுப்பிய பணத்தில் நடந்தவை. பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் அவர்கள் கொடுத்ததை இந்த ஊர் மறக்காது. ஹலாலான ரிஸ்க்கைத் தேடிப் புறப்படுவது இழிவும் அல்ல, குற்றமும் அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பதினெட்டு வயது நிரம்பிய பையனைப் பார்த்து ஊர் கேட்கிற கேள்வி, "எப்போ கிளம்புறே?" என்பதுதான். "நீ தயாரா?" என்று கேட்பவர் யார்? பாஸ்போர்ட் வந்துவிட்டது, மச்சான் விசா அனுப்பிவிட்டார், மெடிக்கல் முடிந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது. எல்லாம் தயார். போகிற மனிதன் தயாரா?

நம்முடைய பயணம் நேற்று தொடங்கியதல்ல. ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் நம் பாட்டன்மார் கப்பலேறினார்கள். 1973-ல் எண்ணெய் விலை உயர்ந்த பிறகு திசை வளைகுடாவுக்கு மாறியது. 2015-ஆம் ஆண்டின் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, நம் மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது.

இந்த நீண்ட பயணத்தில் பாடங்களும் உண்டு. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. பெரிய நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தவர்கள் கைப்பையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 1990 ஆகஸ்ட் 2-ல் குவைத்துக்குள் இராக் படை நுழைந்தது. ஒன்றே முக்கால் லட்சம் அளவுக்கு இந்தியர்கள் அம்மான் வழியாக விமானங்களில் அழைத்துவரப்பட்டார்கள். 2020-ல் கொரோனா வந்தது. மே மாதம் தொடங்கி விமானம் விமானமாக ஆட்கள் திரும்பினார்கள், பலர் கடைசி மாதச் சம்பளம்கூட வாங்காமல். ஊரில் ஏதாவது ஒன்றை நிலைநிறுத்தி வைத்திருந்தவர் எழுந்து நின்றார். எல்லாவற்றையும் அங்கேயே வைத்திருந்தவர் மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்கினார்.

ஹிஜ்ரத்தில் ஒரு பாடம்

சகோதரர்களே! நம் பயணம் ஹிஜ்ரத் அல்ல. அந்தப் பெயரை இதற்குச் சூட்ட நமக்கு உரிமை இல்லை. ஆனால் எப்படிப் புறப்பட வேண்டும் என்பதை அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

கொலை செய்யத் துணிந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அந்த இரவிலும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த அமானத்துகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்களுக்கு முன்பிருந்தே தீனி போட்டுத் தயார் செய்திருந்தார்கள். பாதை அறிந்த அப்துல்லாஹ் பின் உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் முஸ்லிம் அல்ல. ஆனாலும் தொழில் தெரிந்தவர், நம்பகமானவர். உணவுக்கு அஸ்மா (ரலி), மக்காவின் செய்தி கொண்டுவர அப்துல்லாஹ் பின் அபீபக்ர் (ரலி). மதீனா வடக்கே இருக்க, முதலில் தெற்கே சென்று குகையில் மூன்று இரவு தங்கினார்கள்.

அல்லாஹ்வின் உதவி உறுதி செய்யப்பட்ட பயணத்திலேயே இவ்வளவு ஏற்பாடு! நாமோ "தவக்குல் வைத்துப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் விமானம் ஏறுகிறோம். அதற்குப் பெயர் தவக்குல் அல்ல, அலட்சியம்.

கணக்குப் போட்டீர்களா?

முதல் கேள்வி கடன். விசாவுக்கு ஒன்றரை லட்சம் என்கிறார் ஏஜெண்ட். வீட்டில் இல்லை. மூன்று வட்டிக்கு வாங்குகிறோம். வட்டி ஹராம் என்பது உங்களுக்குத் தெரியும். அது உங்கள் மறுமையை மட்டுமல்ல, இந்த உலகத்தையும் எப்படித் தின்கிறது என்று பாருங்கள்.

நம் பணத்துக்கு மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே சாப்பாட்டுக்கும் போனுக்கும் 8,000. வீட்டுச் செலவுக்கு 10,000. மீதி 7,000-ஐக் கடனுக்குக் கட்டுகிறீர்கள். முதல் மாத வட்டியே 4,500. அசலில் கழிவது 2,500 மட்டும். இப்படி 24 மாதம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் 1,68,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அதற்குப் பிறகும் சுமார் 64,000 ரூபாய் பாக்கி நிற்கும்! இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டது, கடன் முடியவில்லை. இதில் ஒரு நாள் காய்ச்சலும் இல்லை, சம்பளத் தாமதமும் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். அதற்கு மேல் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் அவர் முகம் மாறினால், உங்கள் முடிவும் மாறட்டும்.

காகிதத்தைப் படித்தீர்களா?

இரண்டாவது கேள்வி காகிதம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாத ஒருவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அரசின் பதிவில் ஏறும். பத்தாவது தேறியவருக்கு இந்தச் சோதனை இல்லை. "படித்தவன் தன் ஒப்பந்தத்தைத் தானே படித்துக்கொள்வான்" என்பது சட்டத்தின் நம்பிக்கை. தம்பிமார்களே! அந்த நம்பிக்கைக்கு நீங்கள் தகுதியானவர்தானா? கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறையாவது படித்தீர்களா?

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை முடிந்து திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அலவன்சையெல்லாம் கூட்டி "மொத்தம் இவ்வளவு" என்று சொல்லி அடிப்படையைச் சுருக்கிவிட்டால், கடைசியில் உங்கள் கையில் வருவதும் சுருங்கும்.

"முதலில் விசிட்டில் வா, வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். "ஃப்ரீ விசா" என்பார்கள். அப்படி ஒரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. விசாவில் ஒரு கஃபீல், வேலை வேறோர் இடத்தில் என்றால், பிடிபடும் நாளில் இருவருமே "இவனைத் தெரியாது" என்று சொல்வார்கள். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டுக் கிடந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. படித்தவர்கள், விசாரிக்காதவர்கள்.

இன்னொரு சிறு விஷயம். புறப்படும் நாளில் "இந்தப் பார்சலை என் மகனிடம் கொடுத்துவிடு" என்று ஆளுக்கொரு பொட்டலம் நீட்டுவார்கள். நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசா, அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். பிரித்துப் பார்க்காத பொட்டலத்தைத் தொடாதீர்கள், கொடுப்பவர் மாமியாக இருந்தாலும் சரி!

கையில் என்ன இருக்கிறது?

மூன்றாவது கேள்வி தொழில். வீராணத்துக் கரையில் கொடிக்கால் வைத்தவர்களுக்குத் தெரியும். வெற்றிலைக் கொடியை வெறும் தரையில் யாரும் நடுவதில்லை. முதலில் அகத்தியை வளர்ப்பார்கள். அது நிழலுக்கும் ஆயிற்று, படர்வதற்கும் ஆயிற்று. தொழில் என்பது உங்களுக்கு அந்த அகத்தி. எலெக்ட்ரிக், ஏ.சி., வெல்டிங், கனரக வாகனம், கணக்கு என ஏதாவது ஒன்றில் சான்றிதழும் ஓராண்டு அனுபவமும் கையில் இருந்தால் நீங்கள் பேரம் பேசலாம். எதுவுமே இல்லாதவனுக்குக் கிடைப்பது வெயில்தான். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திறந்தவெளி வேலைக்குச் சட்டமே தடை போடுகிறது என்றால், அந்த வெயில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இங்கே ஒருநாள்கூட வெயிலில் வேலை செய்யாத உடம்பு, அங்கே இறங்கியதும் பழகிவிடுமா? ஓராண்டு பொறுத்து ஐ.டி.ஐ. படிப்பதை "ஒரு வருடம் வீண்" என்கிறார்கள். அந்த ஓராண்டு உங்களுடைய இருபது ஆண்டுகளின் விலையைத் தீர்மானிக்கும்!

வீடு தயாரா?

நான்காவது கேள்வி வீடு. நிக்காஹ் முடிந்து நாற்பது நாளில் புறப்படுகிறார் மாப்பிள்ளை. திரும்புவது இரண்டு வருடம் கழித்து. உமர் (ரலி) அவர்கள், படைக்குச் சென்ற கணவர்கள் நான்கு மாதங்களுக்கு மேல் மனைவியரைப் பிரிந்திருக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்ததாக அறிவிப்புகளில் காண்கிறோம். போர்க்களத்துக்கே அந்தக் கவனம்! அந்தப் பெண்ணின் சம்மதத்தை நீங்கள் கேட்டீர்களா? அவள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறதா? அத்தாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் அவர்களைச் சிதம்பரத்துக்கு அழைத்துச் செல்வது யார்? கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து, சாட்சியோடு வஸிய்யத் செய்தீர்களா?

மவுத்தைப் பற்றிப் பேசினால் சகுனம் என்று தட்டிவிடாதீர்கள். 2024 ஜூன் 12 அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இறந்தவர்களில் 45 பேர் இந்தியர்கள், அவர்களில் 7 பேர் நம் தமிழகத்தார். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போவோருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்குக் கட்டுவது 275 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ குடும்பத்துக்கு 10 லட்சம். சுற்றுலா விசாவில் போய் ஒளிந்து வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கு இந்தக் கதவும் மூடியிருக்கும்.

ஐந்தாவது கேள்வி, எப்போது திரும்புவீர்கள்? "பார்க்கலாம்" என்று சொல்லிப் போனவர்கள்தான் முப்பது வருடம் கழித்து, தலை நரைத்து, சர்க்கரை நோயோடும் சொந்த ஊரிலேயே விருந்தாளி என்ற பெயரோடும் வந்து இறங்குகிறார்கள். இத்தனை ஆண்டு, இத்தனை ரூபாய், அதன்பின் ஊரில் இன்ன தொழில் என்று இப்போதே எழுதுங்கள். அல்லாஹ் நாடினால் மாறலாம். எழுதாமலேயே போவதைவிட எழுதியதை மாற்றுவது எளிது.

ஜமாஅத்தின் கடமை

தம்பிமார்களை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு நாம் நழுவக் கூடாது. மாப்பிள்ளைக்கு "வெளிநாட்டில் இருக்கிறார்" என்பதையே தகுதியாக்கியவர்கள் நாம்தான். ஆகவே மூன்று காரியங்களை ஜமாஅத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று, வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், விவரம் அறிந்த பழைய சபராளிகள் இருவர் உட்கார்ந்து, புறப்படுகிறவரின் விசாவையும் ஒப்பந்தத்தையும் படித்துச் சொல்லட்டும். ஏஜெண்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். இரண்டு, பைத்துல்மாலிலிருந்து தொழிற்பயிற்சிக்கும் நியாயமான பயணச் செலவுக்கும் வட்டியில்லாக் கடன் கொடுப்போம். மூன்று, திரும்பி வந்தவர்களின் பட்டியல் எடுப்போம். அங்கே தொழில் கற்று வந்த கைகள் இங்கே திண்ணையில் சும்மா கிடக்கக் கூடாது.

அரசாங்கத்திடமும் கேட்போம். 1978-லிருந்து தமிழக அரசுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அதன் அதிகாரிகள் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்துக்கும் வந்து முகாம் நடத்தட்டும். கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது.

தம்பிமார்களே! இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் இருந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள், ஊரே துஆ செய்து வழியனுப்பும். இரண்டுக்குப் பதில் இல்லை என்றால் ஆறு மாதம் பொறுங்கள். விசா தப்பிப் போகுமே என்று பயப்படாதீர்கள். உங்களுக்கென்று எழுதப்பட்ட ரிஸ்க்கை எந்த ஏஜெண்டும் வேறொருவருக்கு விற்றுவிட முடியாது.

போகிறவர்கள் ஹலாலாகச் சம்பாதித்து ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் திரும்பவும், தங்குகிறவர்களுக்கு இந்த மண்ணிலேயே பரக்கத் கிடைக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.