ஆஃப் சீசன்ல தரங்கம்பாடி

"மழைக்காலத்துல பீச் ஊருக்குப் போனா காசு தண்டம் தானுங்களே?"ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். நான் நவம்பர் கடைசியில ரெண்டு நாள் தரங்கம்பாடி போயிட்டு வந்தேன். இன்னைக்கு அதைப் பத்தியே பேசிடலாம்.

குளிர்காலம்னு சொன்னா நம்ம கோயம்புத்தூர்க்காரங்களுக்கு ஊட்டியும் ஸ்வெட்டரும் தான் ஞாபகம் வரும். கிழக்குக் கடற்கரையில கதையே வேற. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அங்க வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டோட வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி இந்த மூணு மாசத்துல பெய்யுது. புயலும் பெரும்பாலும் இப்போ தான் வரும். மே மாசத்துல கேட்ட வாடகையில பாதிக்கு எனக்கு ரூம் கிடைச்சதுக்கு அதுதான் காரணம்.

போறது சுலபம். காலையில ஜன் சதாப்தி ஏறினா திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் தாண்டி மதியம் மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ்ல சுமார் 30 கிலோமீட்டர். நம்ம நொய்யல் காவிரியில கலந்து, அந்தக் காவிரி பூம்புகார்ல கடலுக்குப் போகுதில்லையா, கிட்டத்தட்ட அந்தத் தண்ணியோட கூடவே போற மாதிரி ஒரு பயணம்.

ஊர்ல இறங்கினதும் மழை. டேனிஷ் கோட்டைக்கு முன்னாடி ஒரு சோளக்கடை கூட இல்லை. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க கட்டின கோட்டை இது. 1845-ல ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஊரையே வித்துட்டுப் போயிட்டாங்க. பக்கத்துல மாசிலாமணிநாதர் கோயில், 1306-ல கட்டினது. அதோட முன்பகுதியைக் கடல் அரிச்சுத் தின்னுடுச்சு. மே மாசக் கூட்டத்துல இதைப் பார்த்தா 'ஓ, அப்படியா'ன்னு செல்ஃபி எடுத்துட்டு நகர்ந்துடுவோம். நவம்பர்ல அலை வந்து கரையில மோதுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நின்னா, எப்படித் தின்னிருக்கும்னு யாரும் விளக்க வேண்டியதில்லை.

(சின்ன இடைச்செருகல்: இது 'ஓசோன் நிறைஞ்ச கடற்கரை', மூச்சை இழுத்து விட்டா உடம்புக்கு நல்லதுன்னு இன்டர்நெட் முழுக்க எழுதி வெச்சிருக்காங்க. தரைமட்டத்துல இருக்கிற ஓசோன் நுரையீரலுக்கு எரிச்சல் தர்ற மாசு. நிறைஞ்சிருந்தா நாம ஓடி வந்துடணும்!)

இந்த ஆஃப் சீசன் ரொம்பப் பழசு. சோழமண்டலக் கரையில கப்பல் ஒதுங்கி நிக்க இயற்கையான துறைமுகம் கிடையாது. அதனால பாய்மரக் காலத்துல அக்டோபர் வந்தா கப்பல்கள் கிளம்பிடும். 1746 அக்டோபர்ல சென்னைக்கு முன்னாடி நின்ன பிரெஞ்சுக் கப்பல்கள் புயல்ல சிக்கிச் சின்னாபின்னமாச்சு. போக வழியுள்ளவன் போயிடுவான். ஊர்க்காரங்க எங்க போவாங்க?

மறுநாள் காலையில கரையோரம் நடந்தேன். ஃபைபர் படகெல்லாம் மேட்டுல ஏத்திக் கட்டி வெச்சிருந்தாங்க. ஒரு அம்மா கூடையில கொஞ்சமா மீன் வெச்சிருந்தாங்க.

"ஏம்மா இவ்வளவு கம்மியா இருக்கு?"

"கடல் விட்டாத்தான தம்பி. நாலு நாளா யாரும் போகல."

"கருவாடாவது இருக்குங்களா?"

"வெயிலே இல்ல, எங்க காய வெக்கிறது? தை பொறக்கட்டும், வாங்க."

அப்போதான் 'சீசன்'ங்கிற வார்த்தை எனக்கு இடிச்சுது. நாம கூட்டம் கூட்டமா போறது ஸ்கூல் லீவுல, ஏப்ரல், மே மாசம். ஆனா கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. உக்கடம் மார்க்கெட்ல அப்போ மீன் விலை ஏறுமே, அதே நாட்கள். அந்த ரெண்டு மாசம் மீன் கம்மி, ஆனா டூரிஸ்ட் இருக்காங்க. கடைக்கும் ஆட்டோவுக்கும் ஏதோ வியாபாரம் ஓடும். மழைக்காலத்துல கடலும் விடாது, டூரிஸ்ட்டும் வர மாட்டாங்க. தடைக்காலத்துக்கு ஒரு நிவாரணம், மீன்பிடி குறைவான இந்த மாசங்களுக்குத் தனியா ஒரு நிவாரணம்னு அரசாங்கமே ரெண்டு தடவை பணம் கொடுக்குதுன்னா, நிலைமை என்னன்னு புரிஞ்சுக்கோங்க. எனக்குப் பாதி விலைக்குக் கிடைச்ச ரூமோட மறுபக்கம் இது.

அதனால நேயரோட கேள்விக்கு என் பதில்: போங்க. ஆனா பிரியாணி பார்சல் கட்டிட்டுப் போய், ரூம்ல உட்கார்ந்து மழையை ரீல்ஸ் எடுத்துட்டு வராதீங்க. அங்கேயே சாப்பிடுங்க, அங்கேயே வாங்குங்க, விலையைக் குறைச்சுக் கேட்காதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி வானிலை மையத்தோட எச்சரிக்கையைப் பாருங்க. மீனவங்களே இறங்காத தண்ணியில நீங்க கால் வைக்காதீங்க.

இன்னொண்ணு. டிசம்பர் 26 பக்கமா லீவு கிடைக்கும், கிறிஸ்துமஸை ஒட்டி நிறையப் பேர் பிளான் பண்ணுவீங்க. 2004 சுனாமியில அந்தக் கரை முழுக்க உயிர்கள் போன நாள் அது. வருஷா வருஷம் அன்னைக்குக் கடற்கரைக்கு வந்து பாலும் பூவும் போட்டுக் கும்பிடுவாங்க. பல ஊர்ல படகு கடலுக்குப் போகாது. அன்னைக்கு அங்க இருக்க நேர்ந்தா கேமராவை மட்டும் உள்ளே வெச்சுடுங்க.

சரி, உங்க ஆஃப் சீசன் அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.