எதில் கரையும்?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பாய்லரோடு மல்லுக்கட்டுகிற ஆள் நீங்கள், அதைப் பற்றியே பேசுங்களேன்" என்றார் சங்கச் செயலாளர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாய்லரைப் பற்றிப் பேசினால் பாதிப்பேர் தூங்கிவிடுவீர்கள். எனவே, பாய்லருக்குள் வந்து படிகிற உலோகங்களின் குடும்பத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

காரமண் உலோகங்கள். தனிம அட்டவணையில் இரண்டாம் தொகுதி. பெரிலியம், மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், ரேடியம் என்று ஆறு பேர். எல்லோருக்கும் வெளிக்கூட்டில் இரண்டு எலெக்ட்ரான். கீழே போகப்போக அணு பெரிதாகும், வேகமும் கூடும். பெரிலியம் தண்ணீரைச் சட்டையே செய்யாது. மக்னீசியம் சுடுதண்ணீரில் மெதுவாக அசையும். கால்சியம் பச்சைத்தண்ணீரிலேயே குமிழி விடும். பேரியம் அதைவிட மூர்க்கம். அதனால் இவை இயற்கையில் தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. 1808-ல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரம் செலுத்தி மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம் ஆகிய நான்கையும் பிரித்துக் காட்டினார்.

பயன்களைச் சொல்லி மாளாது. சேலத்து மேக்னசைட் உலைகளுக்கு உள்ளே வைக்கும் செங்கல்லாகிறது. கால்சியம் இல்லாமல் சுண்ணாம்பும் இல்லை, சிமென்ட்டும் இல்லை, நம் எலும்பும் இல்லை. வாணவேடிக்கையின் சிவப்பு ஸ்ட்ரான்ஷியம், பச்சை பேரியம். பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்கக் கூடாதென்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

இனி நம்ம பாய்லருக்கு வருவோம். கடின நீரைக் கொதிக்க வைத்தால் கால்சியம் கார்பனேட்டும் கால்சியம் சல்பேட்டும் குழாயின் உட்புறம் வெள்ளையாகப் படியும். ஸ்கேல் என்போம். இது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. உள்ளே இருக்கும் தண்ணீருக்குச் சூடு போகாமல் குழாய் தானே காய்ந்து, கடைசியில் வெடிக்கும்.

ஒரு துண்டு ஸ்கேலை எடுத்து அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் கார்பனேட். அமிலம் விட்டே கழுவிவிடலாம். சும்மா இருந்தால் சல்பேட்டாக இருக்கலாம். அதை முதலில் சோடா சேர்த்துக் கொதிக்க வைத்துக் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டுதான் அமிலம் விட வேண்டும். ஏன்? அமிலம் பட்டால் கார்பனேட் கரியமில வாயுவாக ஓடிவிடும், உலோகம் கரைந்து வந்துவிடும். சல்பேட்டை அப்படி விரட்ட முடியாது.

"இதெல்லாம் பாய்லர் ஆட்கள் பாடு, நமக்கென்ன?" என்பீர்கள். உயிர் போகிற விஷயம் இது.

இந்தக் குடும்பத்தின் சல்பேட்டுகள் கீழே போகப்போகக் கரைவது குறையும். ஒரு லிட்டர் தண்ணீரில் மக்னீசியம் சல்பேட், அதாவது நம்ம பேதி உப்பு, 300 கிராமுக்கு மேல் கரையும். கால்சியம் சல்பேட் சுமார் 2 கிராம். பேரியம் சல்பேட்டோ சுமார் 2 மில்லிகிராம்தான்! கரைந்த பேரியம் விஷம். ஆனாலும் வயிற்றை எக்ஸ்ரே எடுக்கப் பேரியம் சல்பேட்டைக் கலக்கிக் குடிக்கக் கொடுக்கிறார்கள். எக்ஸ்ரேயை மறித்துக் குடலைப் படத்தில் காட்டிவிட்டு, கரையாமல் அப்படியே வெளியே போய்விடும்.

பேரியம் கார்பனேட்டும் வெள்ளைத் தூள்தான். அதுவும் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. ஆனால் நம் வயிற்றில் இருப்பது தண்ணீரா? அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்! அங்கே அது கரையும். ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், தசை தளரும், இதயம் தடுமாறும். எலி விஷமாகவே அது பயன்பட்டிருக்கிறது. 2003-ல் பிரேசிலில் எக்ஸ்ரேக்கான பேரியம் சல்பேட் மருந்தில் இந்தக் கார்பனேட் கலந்துவிட்டது. நம்பிக் குடித்த நோயாளிகள் பலர் இறந்துபோனார்கள்.

தம்பி தங்கையரே, ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது "இதெல்லாம் எதற்கு?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பேரியம் என்று பாதிப் பெயரைப் படித்தால் போதாது, மீதியையும் படியுங்கள். "கரையுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எதில் கரையும்?" என்று கேளுங்கள். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், எந்த மூட்டையைப் பிரித்தாலும் இந்தக் கேள்வி உங்களோடு இருக்கட்டும்.