மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

கையில் பிடித்து அளக்கும் லைட் மீட்டரை ஒரு பொருளை நோக்கிக் காட்டினால், அதிலிருந்து திரும்பிவரும் ஒளியை அளந்து, இன்ன அப்பர்ச்சர், இன்ன ஷட்டர் வேகம் என்று சொல்லிவிடும். ஆனால் எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்பது அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அது படத்தில் நடுத்தரச் சாம்பலாக விழுவதற்கான கணக்கையே தரும். சுண்ணாம்பு அடித்த சுவரையும் அதே வெயிலில் நிற்கும் எருமையையும் தனித்தனியே அளந்து, மீட்டர் சொன்னபடியே எடுத்தால், சுவர் மங்கியும் எருமை வெளிறியும் வரும். இதைக் கருவியின் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் அதன் சிறப்பாகப் படுகிறது. அளவை மட்டும் தந்துவிட்டு, அந்தப் பொருள் படத்தில் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்ற முடிவைப் படம் எடுப்பவரிடமே அது விட்டுவிடுகிறது.

அந்த முடிவுக்கு ஓர் ஒழுங்கு தந்தது, அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறை. கருமையிலிருந்து வெண்மை வரையுள்ள சாயல்களுக்கு அதில் எண் உண்டு. நடுச் சாம்பல் ஐந்தாவது மண்டலம். ஒரு மண்டலத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது. எருமையின் விலாவில் மடிப்பும் மயிரும் தெரிய வேண்டும், ஆனாலும் கறுப்பாகவே இருக்க வேண்டும் என்றால், அது மூன்றாவது மண்டலம். அந்த இடத்தை அளந்து, மீட்டர் காட்டியதைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும். பிறகு சுவரை அளக்கலாம். அது எருமையைவிட ஐந்து ஸ்டாப் கூடுதல் என்றால் எட்டாவது மண்டலத்தில், விவரம் கரையும் விளிம்பில் விழும். ஃபிலிமை டெவலப் செய்யும் நேரத்தைக் குறைக்கலாமா என்ற யோசனை அங்கேயே பிறந்துவிடுகிறது.

மேதைகள் மீட்டர் இல்லாமலே எடுத்தார்களே என்று கேட்கலாம். 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் நிலவு எழுவதை ஆடம்ஸ் எடுத்தபோது, மீட்டர் கைக்கு அகப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்தே கணக்குப் போட்டார். நிலவு தருவதும் சூரியனிடமிருந்து வாங்கித் திருப்பும் ஒளிதானே! ஆக, மனத்தில் பதிந்திருந்த ஓர் அளவைத்தான் அவர் எடுத்தாண்டார். நிலத்தை அளக்க வழியில்லாததால் நெகட்டிவின் கீழ்ப்பகுதி மெலிந்துபோய், 1948-இல் ரசாயனத்தால் அதை வலுவூட்ட நேர்ந்தது.

பொருளிலிருந்து திரும்பும் ஒளியைவிட, அதன் மீது விழும் ஒளியை அளப்பதே துல்லியம் என்பது இன்னொரு வாதம். பொருள் இருக்கும் இடத்தில் மீட்டரை வைக்க முடிந்தால் அது சரி. ஆற்றின் அக்கரையில் வேறு ஒளியில் நிற்கும் மரத்துக்கு என்ன செய்வது? ஒரு டிகிரி கோணத்தை மட்டும் பார்க்கும் ஸ்பாட் மீட்டர், நின்ற இடத்திலிருந்தே அதை அளந்துவிடும். டிஜிட்டல் கேமராவின் ஹிஸ்டோகிராமோ சட்டகம் முழுவதன் ஒளியையும் சேர்த்து ஒரு மேடாக வரைந்து காட்டுகிறது. அந்த மேட்டில் எது முகம், எது மேகம் என்று சொல்லாது. டிஜிட்டலில் வெண்மை ஒருமுறை வெளுத்துப்போனால் மீளாது. அதனால் அங்கே நிழலுக்குப் பதில், விவரம் வேண்டிய வெளிச்சமான இடத்தை முதலில் அளந்து, மீட்டர் சொன்னதற்கு மேல் இரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்துப் பாருங்கள்.