மண் மலையும் நம்ம ஏரியும்

(நெய்வேலி சுற்றுவட்டார மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் விவரம் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போ கொஞ்சம் மண்ணைப் பற்றிப் பேசுவோம்.

நெய்வேலியில் 1957-ல் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. நிலக்கரிக்கு மேலே பல மீட்டர் ஆழத்துக்கு மணலும் களிமண்ணும் இருக்கு. அதை வெட்டிக் கொட்டியதுதான் நாம் பார்க்கிற மண் மலைகள். பல மேடுகளில் மரம் வளர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மரம் வைத்தால் மட்டும் மண் கரையாமல் நின்றுவிடுமா? நிற்காது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 10 செ.மீ. பெய்தால் 4 லட்சம் லிட்டர். அது சரிவில் இறங்க இறங்க வேகம் பிடிக்கும். முதலில் விரல் அகலத்துக்குக் கோடு போடும், அப்புறம் வாய்க்கால் ஆகும், அப்புறம் ஆள் இறங்குகிற பள்ளம் ஆகும். அந்த மண்ணெல்லாம் ஓடை வழியாக ஏரிக்குத்தான் வரும். ஏரியில் ஒரு அடி மண் சேர்ந்தால் ஒரு அடி தண்ணீர் போச்சு. மழையில் வெள்ளம், கோடையில் வறட்சி. அப்போ குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது யாரு? நாமதானே!

இதைத் தடுக்க நாலு வேலை செய்யணும்.

1. மேட்டின் உச்சியில் ஓரமாக வரப்பு போட்டு, தண்ணீரைக் கல் பதித்த வாய்க்கால் வழியாக மட்டும் இறக்கணும்.

2. சரிவைப் படிப்படியாக வெட்டணும். ஒவ்வொரு படியும் உள்பக்கம் சாய்ந்திருக்கணும். அப்போதான் தண்ணீர் வேகம் குறையும்.

3. வெறும் மண்ணை மூடணும். மரத்துக்கு முன்னால் புல் வரணும். வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, நெருக்கமாக நட்டால் வேலி மாதிரி மண்ணைப் பிடிக்கும். நம்ம கடலூர் கடற்கரை மணலில் விளைகிற பயிர்தான். ஆனால் ஒன்று, விற்பதற்காக இந்த வேரைத் தோண்டக் கூடாது. தோண்டினால் மண் இளகிவிடும். மேலே தழையை மட்டும் அறுக்கலாம்.

4. அடிவாரத்தில் வாய்க்காலும் வண்டல் குட்டையும் வேணும். வீட்டில் ஒரு பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கிப் பாருங்க. மணல் உடனே அடியில் தங்கும். களிமண் மணிக்கணக்கில் கலங்கியே நிற்கும். அதனால்தான் குட்டை நீளமாக இருக்கணும், தண்ணீர் மெதுவாகப் போகணும். மழைக்கு முன்னால் தூர் வாராத குட்டை இருந்தும் பயனில்லை.

பள்ளம் விழுந்த இடத்தில் கல் தடுப்பு போடுவார்கள். அதன் நடுப்பகுதி தாழ்வாக இருக்கணும். இல்லாவிட்டால் தண்ணீர் இரண்டு ஓரத்தையும் அறுத்துக்கொண்டு போய்விடும்.

“இதெல்லாம் சுரங்கக்காரங்க வேலை, நமக்கென்ன?” என்று கேட்பீர்கள். வேலை அவர்களுடையது, கேட்கிற உரிமை நம்முடையது. சுரங்கத்துக்குத் தரும் சுற்றுச்சூழல் அனுமதியின் நகல் ஊராட்சிக்கும் வரணும். மண் மேட்டைச் சுற்றி வாய்க்கால், வண்டல் குட்டை அமைக்கணும், தூர் வாரணும் என்ற நிபந்தனை அதில் வழக்கமாக இருக்கும். ஊராட்சியில் கேட்டு வாங்கி, படிக்கத் தெரிந்தவர் குழுவில் வாசித்துக் காட்டுங்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் குழுவுக்கு 5 பேராவது வாங்க. “குட்டை தூர் வாரியாச்சா? ஓடையில் மண் எவ்வளவு சேர்ந்திருக்கு?” என்று கேளுங்க, தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்க. அக்டோபர் 2 சபையில் வேலை நடந்ததா என்று திரும்பவும் கேளுங்க. அதற்கடுத்து மழை வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மழை நேரத்தில் விறகுக்கோ, ஆடு மேய்க்கவோ அந்த மேட்டுப் பக்கம் போகாதீங்க, பிள்ளைகளையும் அனுப்பாதீங்க. ஈர மண் எப்போ சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சேமிப்புப் புத்தகத்தை மாசாமாசம் சரிபார்க்கிறோம். ஏரியும் நம்ம சேமிப்புதான். அதையும் சரிபார்ப்போம்.