இரண்டு கையொப்பம்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அன்றைய பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு. குறை எங்கே என்று பார்த்தால், பெற்றோரின் சம்மதக் கடிதத்தில்தான்.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடாமல் காக்கிற விதி அது. அதை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் நம் லயங்களின் நிலைமை வேறு. தாய் குவைத்தில், தகப்பன் கொழும்பில் கடை வேலையில், பிள்ளை அம்மாயியிடம். சோறாக்கிப் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவது அம்மாயிதான். ஆனாலும் சட்டப்படி பாதுகாவலராக இல்லாதவரை, அவர் கைநாட்டு அங்கே செல்லாது.

அதனால் சிலவற்றை இப்போதே கவனிப்போம். தாய் வெளிநாட்டிலென்றால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் சம்மதக் கடிதத்தை உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு ஒருநாள் லீவு கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும். விவாகரத்தென்றால், பிள்ளை யார் பொறுப்பில் என்று சொல்லும் நீதிமன்றக் கட்டளை வேண்டும். தகப்பன் விட்டுப்போய்விட்டார் என்று வாயால் சொன்னால் போதாது. வழி கேட்க, சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றிருந்தால், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

“தகப்பன் கையெழுத்தை நானே போட்டுத் தாறேன்” என்கிற தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கள்ளக் கையெழுத்து குற்றம். அவர் காசோடு போய்விடுவார், விண்ணப்பித்த தாய்தான் மாட்டிக்கொள்வார்.

விண்ணப்ப விளக்கம் தமிழிலேயே கிடைக்க வேண்டும், நடமாடும் சேவை தோட்டங்களுக்கு வர வேண்டும் என்று நாம் கேட்போம்.

1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் ஒப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மவரைப் பங்கிட்டார்கள். நம் பாட்டன் பாட்டியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று நம் பிள்ளை கடல் கடக்க நம் சம்மதத்தைக் கேட்கிறார்கள். அந்தக் கையொப்பத்தைத் தரகரிடம் விட்டுவிட வேண்டாம். காகிதங்களை எடுத்துக்கொண்டு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து சரிபார்ப்போம்.