வீட்டிலே குச்சி ஐஸும் பழப் பானமும்

(கிராமத்துத் தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் தெருவிலே மணியோசை கேட்டதும் குழந்தைகள் காசுக்காகத் தாயின் முந்தானையைப் பற்றி இழுப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். குச்சி ஐஸ் விற்பவர்மீது நமக்கு யாதொரு குறையுமில்லை. அவரும் வெயிலில் அலைந்து பிழைப்பவரே. ஆயினும், அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பது அவருக்கே தெரியாதிருக்கலாம். உறைந்துவிட்டால் கிருமிகள் மடிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். பல கிருமிகள் பனிக்கட்டிக்குள் அடங்கிக் கிடந்து, உருகியதும் மீண்டும் பெருகத் தொடங்குகின்றன. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சட்காமாலையும் இவ்வழியாகவும் வரக்கூடும். குழந்தையின் ஆசையைத் தடுப்பதால் பயனில்லை. அதே பண்டத்தை நாமே செய்து கொடுப்பதுதான் வழி.

முதலில் பானத்தைப் பார்ப்போம். 2011 ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வாயிலாகப் பல இலட்சம் குடும்பங்களுக்கு மிக்சி கிடைத்தது. பெரும்பாலும் சட்னி அரைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது! நன்கு பழுத்த மாம்பழம் ஒன்றின் சதை, ஒரு டம்ளர் தயிர், அரை டம்ளர் காய்ச்சி ஆறிய நீர், சிறிது வெல்லப்பாகு ஆகியவற்றைச் சேர்த்து அடித்தால் கெட்டியான பானம் கிடைக்கும். ஜாரில் மூன்றில் இரு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. மாம்பழம் இல்லாதபோது வாழைப்பழம் போதும். மிக்சி இல்லாத வீட்டில் வாழைப்பழத்தை மத்தினால் கடைந்தாலே குழைந்துவிடும். அன்னாசியைப் பாலுடன் சேர்த்து வைத்தால் கசந்துபோகும். அப்பழத்தைச் சிறிது நேரம் வேகவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் அத்தொல்லை இராது. சந்தையில் விலைபோகாத, ஆனால் கெடாத பழங்களுக்கு இது நல்லதோர் உபயோகம். அழுகல் தொட்ட பழத்தை மட்டும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் இதே கலவையை டம்ளரில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் என்ன செய்வது? 1905 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன் குச்சியோடு வெளியே மறந்து வைத்த பானம் இரவுக் குளிரில் உறைந்ததிலிருந்துதான் குச்சி ஐஸ் பிறந்தது என்பார்கள். நம் ஊரில் அத்தகைய குளிர் ஏது? அதனை நாமே உண்டாக்க வேண்டும். அதற்கு வேண்டியவை கல்லுப்பும் பனிக்கட்டியுமே.

உருகும் வெறும் பனிக்கட்டியின் குளிர் 0 டிகிரியோடு நின்றுவிடும். சர்க்கரை கலந்த சாறு உறைய அது போதாது. உப்புச் சேர்ந்தால் பனிக்கட்டி அந்தக் குளிரிலும் உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து உறிஞ்சுகிறது. ஆகவே குளிர் 0 டிகிரிக்கு வெகு கீழே இறங்குகிறது. எடையில் மூன்று பங்கு உடைத்த பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று அடுக்கடுக்காகப் பானையில் இட்டு, சாறு ஊற்றிய சிறு எவர்சில்வர் டம்ளர்களை அதில் புதைத்து, பானையைச் சாக்கினால் போர்த்திவிட வேண்டும். பாதி உறைந்ததும் சுத்தமான மூங்கில் குச்சியை நடுவில் நிறுத்தலாம். சுமார் ஒரு மணி நேரத்தில் இறுகும். சற்றுக் கூடவும் ஆகலாம். நீர் உறையும்போது பருமன் கூடுமாதலால் டம்ளரில் விரற்கடை இடம் விட்டு ஊற்றுங்கள். சில்லென்ற பண்டத்தில் இனிப்புக் குறைவாகத் தோன்றும். அதற்காகச் சர்க்கரையை அள்ளிப் போட்டால் உறையவே உறையாது.

நாங்கள் முதன்முதல் செய்தபோது டம்ளர்களை மூடாமல் புதைத்துவிட்டோம். உப்புநீர் உள்ளே புகுந்து, அத்தனையும் கடல்நீராகிவிட்டது! அன்றிலிருந்து, விளிம்பை உப்புநீருக்கு மேலே நிறுத்தி, தட்டினால் மூடியே வைக்கின்றோம். கடையில் வாங்கும் பனிக்கட்டி மீன் பெட்டிக்கு ஆனதாகவும் இருக்கக்கூடும். அது டம்ளருக்கு வெளியேதான் இருக்க வேண்டும். பானத்தில் ஒரு துண்டும் விழலாகாது. டம்ளரை வெளியே எடுத்ததும் காய்ச்சி ஆறிய நீரில் அலம்பிவிட்டு ஐஸை உருவ வேண்டும்.

உள்ளே ஊற்றும் நீரைக் கொதி வந்தபின் குறைந்தது ஒரு நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, மூடி ஆறவிடுங்கள். ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், குளோரின் எப்போது சேர்த்தார்கள் என்பதைக் கிராம சபையில் கேட்டு எழுதி வையுங்கள். தெருக் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனைப் பெட்டிகள் உள்ளன. எந்தத் தாயாவது ஐஸ் செய்து விற்க விரும்பினால், சிறு தொழிலாயினும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள அவருக்கு உதவி புரியுங்கள்.

நாங்கள் வந்தவுடன் திண்ணையில் வைத்த பானை ஒரு மணி நேரத்தைக் கடந்துவிட்டது. பெண்களில் யாரேனும் இருவர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு முன்வாருங்கள், திறந்து பார்ப்போம். டம்ளர்கள் பன்னிரண்டுதான், ஆகவே முதலில் குழந்தைகளுக்கு.