கேமராவை நம்ம பொண்ணுங்க கையில கொடுங்க

(கெங்குவார்பட்டியில் நடந்த மகளிர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத உறவுகளுக்காகப் பதிவிடுகிறோம்.)



மகளிர் அணிக் கூட்டம்னா சுயஉதவிக்குழுக் கடன், ரேஷன் கடை, தண்ணிப் பிரச்சனை, இதைத்தான் பேசுவாங்கன்னு நினைச்சு வந்திருப்பீங்க. அதையும் பேசுவோம். இன்னிக்கு நான் சினிமா பேச வந்திருக்கேன். சிரிக்காதீங்க.

நம்ம தேனி மாவட்டத்துக்குச் சினிமாவைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அல்லிநகரத்துல இருந்து பாரதிராஜா, பண்ணைப்புரத்துல இருந்து இளையராஜா. 1977ல ‘16 வயதினிலே’ வந்தப்ப தமிழ் சினிமாவே ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து வயக்காட்டைப் பார்த்துச்சு. 2018ல லெனின் பாரதியோட ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ நம்ம மலையில ஏலக்காய் மூட்டை சுமக்கிற உழைப்பாளியைத் திரையில கொண்டுவந்து நிறுத்துச்சு. பெருமைதான். ஆனா இந்தப் பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் நம்ம மண்ணுல இருந்து ஒரு பெண் இயக்குநர் பேரை உங்களால சட்டுனு சொல்ல முடியுதா? நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன்.

விடியக்காலை இருட்டுல போடியிலயும் கம்பத்துலயும் ஜீப்புல நெருக்கியடிச்சு ஏறி, மலை தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போறது யாரு? பெரும்பாலும் நம்ம பொம்பளைங்க. அந்த ஜீப்புக்குள்ள என்ன பேசிக்கிறாங்க, எதுக்குச் சிரிக்கிறாங்க, வழியில ஒதுங்கணும்னா என்ன செய்யிறாங்க, இதெல்லாம் உள்ளே உட்கார்ந்து போனவளுக்குத்தான் தெரியும். அவ கையில கேமரா இல்ல.

பெண்ணுக்கு இதெல்லாம் வராதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு பழைய சேதி. 1931ல வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதுல கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. திருவையாறுல பிறந்தவங்க. அந்த அம்மா நடிச்சதோட நிக்கல. 1936ல ‘மிஸ் கமலா’ன்னு ஒரு படத்தைத் தானே கதை எழுதி, தயாரிச்சு, இயக்கினாங்க. பெண் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறதே பேச்சான காலம் அது. பி.ஆர்.விஜயலட்சுமி 1985ல ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செஞ்சாங்க. ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர்னு அவங்களைச் சொல்றோம். நம்ம காலத்துல ஹலிதா ஷமீமோட ‘சில்லுக் கருப்பட்டி’ 2019ல வந்துச்சு. நாலு கதை, நாலு ஒளிப்பதிவாளர். அதுல ஒருத்தர் யாமினி யக்ஞமூர்த்தி.

பெரிய கம்பெனி கதவு திறக்கலைன்னா என்ன செய்யிறது? லீனா மணிமேகலை ‘மாடத்தி’ படத்துக்குப் பொதுமக்கள் கிட்ட நிதி திரட்டினாங்க. புதிரை வண்ணார் மக்களோட வலியைப் பேசுன படம். அதுக்கு முன்னாடி தனுஷ்கோடி மீனவர்களைப் பத்தி எடுத்த ‘செங்கடல்’ படத்துக்குத் தணிக்கை அனுமதி மறுத்தாங்க. தீர்ப்பாயம் வரைக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கினாங்க. அவங்க கருத்து எல்லாத்தோடயும் நீங்க ஒத்துப்போக வேண்டியதில்ல, அந்த மன உறுதியைப் பாருங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அசாம்காரப் பொண்ணு ரீமா தாஸ் கதை. நடிகை ஆகணும்னு மும்பைக்குப் போனவங்க, சொந்தக் கிராமத்துக்குத் திரும்பி வந்தாங்க. எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் படிக்கல. கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் ஒரே ஆள். ஊர்ப் பிள்ளைகளையே நடிக்க வச்சாங்க. ஒலிப்பதிவுக்கு உறவுக்காரப் பொண்ணு மல்லிகா தாஸ். அப்படி வந்த ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ 2018ல இந்தியாவின் சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்குச்சு. ஒலிப்பதிவுக்கு மல்லிகாவுக்கும் விருது. அந்தப் படத்துல வர்ற வெள்ளமும் வயலும் பார்த்தா நம்ம மஞ்சளாறு பக்கம் ஓடுற பிள்ளைக ஞாபகம்தான் எனக்கு வந்துச்சு.

பாயல் கபாடியா 2024ல கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்குனப்ப நாடே கைதட்டுச்சு. அந்தப் படத்துக்குக் கைகொடுத்தது பிரான்ஸ் உள்ளிட்ட வெளிநாட்டுத் தயாரிப்பு நிறுவனங்கள். விருது வந்த பிறகு மாலை போடுறதுக்கு நாம முந்திக்கிறோம், படம் எடுக்கக் காசு இல்லாம அலையுறப்ப காணாம போயிடுறோம்.

குமுளியைத் தாண்டினா கேரளா. அங்க அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் மூலமா பெண் இயக்குநர்களுக்குன்னே தனித் திட்டம். ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய். தாரா ராமானுஜனோட ‘நிஷித்தோ’, ஸ்ருதி சரண்யமோட ‘பி 32 முதல் 44 வரை’ எல்லாம் அப்படி வந்த படங்கள். அங்கேயும் தாமதம், இழுத்தடிப்புன்னு இயக்குநர்களே குறை சொல்லியிருக்காங்க. திட்டம் அறிவிச்சா மட்டும் போதாது, பணமும் திரையரங்கும் நேரத்துக்குக் கிடைக்கணும். நம்ம மாநிலத்துல குறைந்த செலவுத் தரமான படங்களுக்கு மானியம் இருக்கு. அது படம் வந்ததுக்கு அப்புறம். நகையை அடகு வச்சுப் படம் எடுக்க வேண்டிய பொண்ணுக்கு அப்புறம் வர்ற காசால என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு, கழிப்பறை. ஆமா, மேடையிலதான் சொல்றேன். மலையாளத் திரையுலகைப் பத்தி நீதிபதி ஹேமா குழு கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டுல வெளியே வந்துச்சு. பாலியல் தொல்லையைப் பத்திப் பேசுன அதே அறிக்கை, படப்பிடிப்புல பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாத்த இடமும் இல்லைன்னு எழுதுச்சு. தண்ணி குடிக்காமலே நாள் முழுக்க வேலை பார்த்திருக்காங்க. நம்ம தோட்டத்துக்குப் போற அக்காமாருக்கு இது புதுசா? பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்துல உள்புகார்க் குழு இருக்கணும்னு 2013லயே சட்டம் வந்தாச்சு. அரசு நிதி வாங்குற எந்தப் படப்பிடிப்புக்கும் இதை நிபந்தனையா வைக்கணும்.

இந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. மாங்காய் சீசன்ல தோப்புக்குக் கூலிக்குப் போற தன் அம்மாவை, போன்லயே பத்து நிமிசப் படமா எடுத்திருக்கா. அம்மா கூடையை இறக்கி வச்சுட்டுக் கழுத்தை ரெண்டு பக்கமும் திருப்புறாங்க. அவ்வளவுதான் அந்தக் காட்சி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அடுத்த படத்துக்கு ராத்திரியில எடுக்கணும்னு சொன்னா. “பொம்பளப்புள்ள ராத்திரியில கேமராவைத் தூக்கிட்டு எங்க போற?”ன்னு வீட்டுல கேட்டிருக்காங்க. அப்பாவைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவர் பயம் அவருக்கு. ஐயா, அவ தனியாப் போக வேண்டாம். எங்க மகளிர் அணியில நாலு பேர் கூடப் போறோம், டார்ச் பிடிக்கிறோம். இதை உங்க முன்னாடியே சொல்றேன்.

படம் எடுக்கும் முன்பே பெண்களுக்கு நிதி, மாவட்டத்துக்கு ஒரு படத்தொகுப்புக் கூடம், சமுதாயக்கூடங்களில் மாதம் ஒரு திரையிடல். இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமா எழுதித் தலைமைக்கு அனுப்புறோம். கீழே உள்ள பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. பந்தியில சாப்பாடு தயாரா இருக்கு. சாப்பிட்டு உடனே கிளம்பிடாதீங்க, இருட்டினதும் அந்தப் பத்து நிமிசப் படத்தை இதே சுவத்துல வெள்ளை வேட்டி கட்டிப் போடுறோம். அந்தப் பொண்ணோட அம்மாவும் வந்திருக்காங்க, அவங்களும் இன்னும் பார்க்கல.